திருநெல்வேலியைச் சுற்றி இத்தனை பைபாஸ் இருந்தும் ஊருக்குள் ஏன் லாரி நிற்கிறது?

பைபாஸ் எல்லாம் கிழக்குப் பக்கம். லாரி வருவது மேற்கிலிருந்து. விஷயம் அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு முதல் தடை தாமிரபரணி ஆறுதான். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் சொந்தக் காசைப் போட்டு 1843-ல் கொக்கிரகுளம் பாலத்தைக் கட்டி முடிக்கும்வரை, நெல்லையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கிற பாளைக்குப் (பாளையங்கோட்டைக்கு) போகப் படகுதான். அப்புறம் பல தலைமுறைக்கு, மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகிற வண்டியும் ஜங்ஷனுக்குள் புகுந்து அந்தப் பாலம் ஏறித்தான் போயிற்று.

அதற்கு மாற்றாகத் தச்சநல்லூரிலிருந்து வண்ணார்பேட்டைக்கு வடக்கு பைபாஸ், அங்கிருந்து தெற்கு பைபாஸ் என்று போட்டார்கள். இன்றைக்கு அதன் இரண்டு பக்கமும் கடை, ஹோட்டல், ஷோரூம்தான். சாயங்காலம் வண்ணார்பேட்டை ரவுண்டானாவைக் கடந்து பாருங்கள், தெரியும்.

மூன்றாவது, ஸ்ரீநகர்–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை. தேசிய நெடுஞ்சாலைதான்; பழைய எண் 7, 2010-ல் 44 ஆனது. தாழையூத்தில் ஊரை விட்டு விலகி, பாளைக்குக் கிழக்கே கே.டி.சி. நகரில் தூத்துக்குடி ரோட்டைத் தாண்டி, ரெட்டியார்பட்டி மலையை வெட்டிக்கொண்டு பொன்னாக்குடி போகும். நாகர்கோவில் போகிற ஆம்னி பஸ் பலவும் ஊருக்குள் வராது. விடியாத நேரத்தில் கே.டி.சி. நகர் பாலத்தடியில் பையோடு இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கே ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட்டு. ஆனாலும் வடக்கு தெற்காகப் போகிறவர்களுக்கு இது அருமையான ரோடு, குறை சொல்ல மாட்டேன்.

தென்காசி ரோட்டுக்காரர்களுக்குத்தான் ஒன்றுமில்லை. ஆலங்குளம் பக்கமிருந்து ஜல்லி ஏற்றிய லாரி தூத்துக்குடி போக வேண்டுமென்றால் பேட்டை, டவுன் பக்கமாக ஊருக்குள் வந்துதான் கிழக்கே போயாக வேண்டும். டவுனில் தெருக்களின் அகலம் நெல்லையப்பர் தேருக்குப் போட்ட கணக்கு. ஆனித் தேரோட்டத்தன்று லாரிக்கு அந்த வழியும் கிடையாது. சேரன்மகாதேவி, சங்கரன்கோவில் ரோடுகளுக்கும் இதே கதிதான்.

இதற்குத்தான் மேற்கு புறவழிச்சாலை. தாழையூத்திலிருந்து ராமையன்பட்டி, சுத்தமல்லி, கொங்கந்தான்பாறை வழியாகப் பொன்னாக்குடி வரை ஏறத்தாழ 33 கி.மீ., மூன்று கட்டமாக. இது முடிந்தால் 44-ஆம் எண் சாலையோடு சேர்ந்து வட்டம் மூடிவிடும். மேற்குப் பக்கம் லேசான வேலையில்லை. ஆற்றுக்கு ஒரு பாலம் போட வேண்டும், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் பாசனத்தை மறிக்காமல் போக வேண்டும், நஞ்சை நிலம் எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். மாநிலச் சாலை என்பதால் பின்னுக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

அதுவரைக்கும், தென்காசியிலிருந்து காரில் நாகர்கோவில் போகிறவர்கள் நெல்லைக்கே வர வேண்டாம். கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு வழியாக வள்ளியூரில் ஏறிக்கொள்ளுங்கள். ரோடு அகலம் குறைவு, ஆடு மாடு குறுக்கே வரும், பகலில் போவது நல்லது.