வார்னிஷ் அடிக்கும் முன்: வாசகர் கேள்விகள்

மழை நேரத்தில் அக்ரிலிக் படத்துக்கு வார்னிஷ் அடித்தேன். பால் தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறது. – வாசகி, திருநகர்

இரண்டு மூன்று நாள் தொடாமல் விட்டுப் பாருங்கள். தண்ணீரில் கலக்கும் வார்னிஷ் டப்பாவிலேயே பால் நிறமாகத்தான் இருக்கும். ஈரம் போனால்தான் தெளியும். ஐப்பசிக் காற்றில் கனமாகப் பூசினால் மேலே ஆடை கட்டி, ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும். தயவுசெய்து அதன்மேல் இன்னொரு பூச்சு வேண்டாம். அடுத்த முறை மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவே சில மணி நேரம் இடைவெளி.

சித்திரையில் தொல்லையே வேறு. பிரஷ் திரும்பி வருவதற்குள் காய்ந்து கோடு விழும். நான் காலை எட்டு மணிக்குள், ஃபேனை நிறுத்திவிட்டு முடித்துவிடுவேன். ஒருமுறை ஃபேனை மறந்ததில், வைகைப் பாலம் வரைந்த படத்தின் வானத்தில் ஒரு பாய் நார் ஒட்டிக்கொண்டது. கேட்பவர்களிடம் கொக்கு என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

விளாச்சேரி கொலு பொம்மைக்குப் போஸ்டர் கலர் தீட்டியிருக்கிறேன். மேலே வார்னிஷ் பூசலாமா? – வாசகி, மேலூர்

பிரஷ்ஷால் பூசினால் கண் மை கன்னத்துக்கு இறங்கிவிடும். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். ஸ்ப்ரே வார்னிஷ் வாங்கி, மொட்டை மாடியில் காற்றில்லாத நேரத்தில், ஓர் அடி தள்ளி நின்று பனி படிவதுபோல் அடியுங்கள். முகக்கவசம் அவசியம். நிறம் கொஞ்சம் அடர்த்தியாகும். முதலில் பீடத்தின் பின்பக்கம் அடித்துப் பாருங்கள்.

அப்பாவை ஆயில் பெயிண்டில் வரைந்து இரண்டு மாதம் ஆகிறது. தொட்டால் ஒட்டவில்லை. அடுத்த வாரம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். வார்னிஷ் அடித்துவிடவா? – வாசகர், உசிலம்பட்டி

இப்போது வேண்டாம். ஆயில் பெயிண்ட் ஈரம் போய்க் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகுகிறது. மேல் தோல் காய்ந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். கனமாகத் தீட்டிய இடங்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அதற்குள் முழு வார்னிஷ் போட்டால் பின்னாளில் வெடிப்பு விடலாம். விசேஷத்துக்கு அப்பா பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? தற்காலிகமாகப் பூசும் ரீடச்சிங் வார்னிஷ் ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். முழு வார்னிஷை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

மேட் வார்னிஷ் திட்டுத் திட்டாக வருகிறதே? – வாசகர், திருமங்கலம்

பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த மாவு டப்பாவின் அடியில் தங்கியிருக்கும். குலுக்கினால் நுரை வரும். குச்சியால் நிதானமாகக் கலக்குங்கள்.

கதவுக்கு வாங்கிய பாலியூரிதேன் வார்னிஷ் மிச்சமிருக்கிறது. கேன்வாஸில் அடிக்கலாமா? – அதே வாசகர்

நாளாக ஆக மஞ்சளாகும். பிறகு எடுக்கவும் முடியாது. கதவுக்கே இன்னொரு கோட் அடித்துவிடுங்கள்.