எலக்‌ஷன் வந்தா மட்டும்தான் எனக்கு ஃபோன் வருது

வணக்கம் மேடம்,

எனக்கு வயசு 41. திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு நகராட்சி. ஊர் பேரு, கட்சி பேரு ரெண்டும் வேணாம், எழுதினா எங்க வார்டுல யாருன்னு உடனே கண்டுபிடிச்சிருவாங்க. வீட்டுலயே மிஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறேன், வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆஃபீஸ்ல வேலை, பையன் பன்னெண்டாவது, பொண்ணு எட்டாவது.

2016 சட்டமன்றத் தேர்தல்லதான் மொத மொத போனேன். வேட்பாளர் வரும்போது ஆரத்தி எடுக்க மகளிர் குழுல இருந்து ஆளு வேணும்னாங்க, தட்டுல காசு போடுவாங்கன்னாங்க, அதுக்குத்தான் போனேன்னே வச்சுக்கங்களேன். ஆனா அப்புறம் வாக்காளர் லிஸ்ட்ட கையில குடுத்து வீடு வீடா போய் சரிபாருங்கம்மான்னு அனுப்புனாங்க பாருங்க, அதுல விழுந்துட்டேன். கல்யாணமாகி வந்து அத்தன வருஷத்துல பக்கத்து தெருவுல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது மேடம், கோயில், ரேஷன் கடை, ஸ்கூல், அவ்ளோதான். இப்ப எங்க பாகத்துல இருக்கற ஆயிரம் ஓட்டும் எனக்கு அத்துப்படி. யாரு செத்துட்டாங்க, யாரு திருப்பூருக்கு வேலைக்கு போயிட்டாங்க, யாருக்கு ரெண்டு எடத்துல பேரு இருக்கு, எந்த வீட்ல மாமியார் ஒரு கட்சி மருமக ஒரு கட்சி, எல்லாம் சொல்லுவேன். நம்ம ஓட்டுக்கு பச்ச பேனா, அவங்க ஓட்டுக்கு சிவப்பு, டவுட்டுன்னா பென்சில். அந்த பென்சில பச்சையாக்கறதுதான் வேலையே.

2019, 2021 ரெண்டுலயும் பூத் ஏஜென்ட்டா உக்காந்தேன். விடியறதுக்கு முன்னாடியே போயிரணும், மாக் போல் நடத்துவாங்க, ஒவ்வொரு சின்னத்துக்கும் அமுக்கி பாத்துட்டு அத அழிச்சிட்டுதான் நெஜ ஓட்டு ஆரம்பிப்பாங்க. முடிஞ்சு மிஷினுக்கு சீல் வைக்கும்போது கையெழுத்து போட்டு, எத்தன ஓட்டு விழுந்துச்சுன்னு கணக்கு போட்ட 17சி ஃபாரம் வாங்கிட்டு வந்து அண்ணன் கையில குடுப்பேன் (அண்ணன்னா எங்க நகரச் செயலாளர்), "தங்கச்சி உக்காந்திருக்க பூத்துன்னா நான் கவலையே படமாட்டேன்"னு எல்லார் முன்னாடியும் சொல்லுவாரு. அன்னைக்கு ராத்திரி காலு வீங்கிப் போயிருக்கும், ஆனா தூக்கமே வராது, அவ்ளோ சந்தோஷம்.

2022ல நகராட்சி தேர்தல். 2011க்கு அப்புறம் அப்பதான் நடந்துச்சு, எங்க வார்டு பெண்கள் வார்டா ஆயிருச்சு. தெருவுல எல்லாரும் அடுத்த கவுன்சிலர் நீதாம்மான்னாங்க, அண்ணனும் பாத்துக்கறேன் தங்கச்சின்னாரு. லிஸ்ட் வந்தப்ப அவரோட கொழுந்தியா பேரு இருக்கு. அந்தம்மாவுக்கு எங்க வார்டுல ஒரு தெரு பேரு கூட தெரியாது, பிரச்சாரத்துக்கு நான்தான் கூட்டிட்டு போனேன், வாசல்ல நின்னு "இது யாரு வீடு"ன்னு காதுல கேக்கும், நான் பேர சொல்லுவேன், உடனே "என்ன கலாக்கா, பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா"ன்னு நான் சொன்னதயே எடுத்து விடும். பசங்களுக்கு டீ, டிபன், ஆட்டோ எல்லாம் நான் கைக்காசு போட்டேன், பின்னாடி செட்டில் பண்றோம்னாங்க, அதுக்காக ரெண்டு பவுன் செயின அடகு வச்சேன், அது இன்னும் அங்கயேதான் இருக்கு. அந்தம்மா ஜெயிச்சிருச்சு. பதவியேத்த அன்னைக்கு போட்டோல நான் இல்ல.

அப்புறமும் 2024ல கூப்பிட்டாங்க, போனேன் மேடம். ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை, நடுவுல ஒன்றரை மாசம் ஒருத்தர் ஃபோன் பண்ணல. நேத்து வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு கால் வந்த ஃபோனு, 20ந்தேதி காலைலருந்து சத்தமே இல்ல. மிஷின்ல உக்காரவே புடிக்கல, தைக்க குடுத்தவங்க வந்து திட்டிட்டு துணிய திருப்பி வாங்கிட்டு போனாங்க.

2025 நவம்பர்ல எஸ்ஐஆர் வந்துச்சு (வாக்காளர் லிஸ்ட்ட பழைய லிஸ்ட்டோட ஒப்பிட்டு மொத்தமா திருத்தற வேல), என்னைய கட்சி சார்பா பூத் லெவல் ஏஜென்ட்டா போட்டாங்க. பாதி ஜனம் என்னைய கவர்மென்ட் ஆளுன்னே நெனச்சிருச்சு. பக்கத்து தெரு பாட்டி ஒருத்தவங்க, பழைய லிஸ்ட்ல பேரே கெடைக்கல, பாட்டி அழுவுது, அப்புறம் அவங்க முன்னாடி குடியிருந்த தெரு எதுன்னு கேட்டு பக்கம் பக்கமா தேடினா, புருஷன் பேர தப்பா அடிச்சு வச்சிருக்கான். காட்டினதும் என் கைய புடிச்சு கண்ணுல ஒத்திக்கிச்சு.

இப்ப 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு மறுபடி கூப்பிட்டிருக்காங்க. வீட்டுக்காரர், "ஒனக்கு வெக்கமே இல்லையா, செயினு போச்சு, சீட்டும் போச்சு, இன்னும் என்ன போகணும்"ங்கறாரு. அவரு சொல்றது சரிதான்னு தெரியுது. ஆனா அண்ணன் ஃபோன்ல "தங்கச்சி, நீ இல்லாம எப்பிடி"ன்னதும் எனக்குள்ள சந்தோஷம் வந்துச்சு மேடம், அந்த சந்தோஷம்தான் என்னைய கொல்லுது. ஒருவாட்டி கவர் குடுக்கற வேலைக்கு மட்டும் நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன், அதுல கொஞ்ச நாள் மொறச்சுக்கிட்டு இருந்தாங்க, மத்தபடி நான் எதுக்குமே மாட்டேன்னு சொன்னதில்ல. எனக்கு என்ன வியாதி மேடம் இது? போகட்டுமா வேணாமா?

*

வணக்கம்மா,

வியாதின்னு கேட்டீங்க, அதுக்கு மொதல்ல சொல்லிடறேன், சந்தோஷப்பட்டது வியாதி இல்ல. ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் புறாவ பெட்டிக்குள்ள விட்டு பல வருஷம் சோதன பண்ணினாரு. கொத்துற ஒவ்வொரு தடவயும் தீனி விழுந்துட்டு இருந்து திடீர்னு நின்னா, புறா கொஞ்ச நேரத்துல விட்டுரும். எப்ப விழும்னே தெரியாம எப்பவாவது ஒரு தடவ விழுந்தா, தீனிய சுத்தமா நிறுத்தின அப்புறமும் ரொம்ப நேரம் கொத்திக்கிட்டே இருக்கும். "நீ இல்லாம எப்பிடி"ங்கற ஒரு வார்த்த உங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வருது. தெனமும் வந்திருந்தா அதுக்கு இவ்ளோ பலம் இருந்திருக்காது. அந்த அண்ணன் இதெல்லாம் படிச்சிட்டு செய்யறாருன்னு நான் சொல்லல, அவருக்கு மேல இருக்கறவரு அவர்கிட்ட இதயேதான் செஞ்சுக்கிட்டு இருப்பாரு, கட்சிங்கறது மேலருந்து கீழ வரைக்கும் அப்பிடித்தான் ஓடுது.

ஆனா உங்க கடிதத்துல எனக்கு ரெண்டு வேற வேற சந்தோஷம் தெரியுது, நீங்க அத ஒண்ணாவே கலந்து எழுதியிருக்கீங்க. ஒண்ணு அண்ணன் பாராட்டினா வர்றது. இன்னொண்ணு அந்த பாட்டி பேரு லிஸ்ட்ல கெடச்சப்ப வந்தது. ரெண்டாவதுல அண்ணனே இல்ல பாருங்க. எஸ்ஐஆர்ல வரைவுப் பட்டியல் வந்தப்ப தமிழ்நாட்டுல 97 லட்சம் பேருக்கு மேல பேரு போயிருந்துச்சு, செத்தவங்க, வீடு மாறினவங்க, ரெட்டப் பதிவுன்னு, அதுல உயிரோட அதே வீட்ல இருக்கறவங்க பேரும் போயிருமோன்னு தெருத்தெருவா பயம் இருந்த நேரம் அது. அப்ப ஒருத்தரோட பேர பழைய தெருவ வச்சு தேடி எடுக்கறது சாதாரண வேல இல்ல, கட்சிக்காரர் யாரும் பாக்கலன்னாலும் நீங்க அத செஞ்சிருப்பீங்கன்னுதான் எனக்குத் தோணுது. அத விட்டுருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் சொன்னாலும்.

இப்ப ஒரு விஷயம் கேக்கறேன், கோவப்படாதீங்க. 2022ல நீங்க விருப்ப மனு குடுத்தீங்களா? உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன், எங்கயும் அந்த வார்த்த இல்ல. தெரு ஜனம் சொன்னாங்க, அண்ணன் பாத்துக்கறேன்னாரு, அதோட லிஸ்ட்டுக்கு போயிட்டீங்க. பணம் கட்டி, ஃபாரம் பூர்த்தி பண்ணி, எனக்கு இந்த வார்டு வேணும்னு கையெழுத்து போட்டு கட்சி ஆஃபீஸ்ல குடுத்து ரசீது வாங்கினீங்களா? குடுத்திருந்தா என்னைய மன்னிச்சிருங்க. குடுக்கலன்னா அது ஏன்னு எனக்குப் புரியுது, நல்லா வேல செஞ்சா பெரியவங்க தானா பாத்து எடுத்து வைப்பாங்க, நாமளா கேட்டா பேராசக்காரின்னு நெனப்பாங்கன்னு பொண்ணுங்கள வளக்கறாங்க, என்கிட்ட வர்ற ஆசிரியைங்க, பேங்க்ல வேல பாக்கறவங்க கூட ப்ரமோஷன் விஷயத்துல இதே கதையத்தான் சொல்றாங்க. உள்ளாட்சியில பாதி எடம் பெண்களுக்குன்னு 2016ல தமிழ்நாட்டுல சட்டமாச்சு. சட்டம் நாற்காலியத்தான் போடும். அதுல யார உக்கார வைக்கறதுன்னு கட்சில ஒரு வீட்டு கூடத்துல நாலு ஆம்பளைங்க பேசி முடிச்சா, அந்த நாலு பேருக்கு மொதல்ல ஞாபகம் வர்றது சம்சாரம், கொழுந்தியா, அண்ணி. கேட்டிருந்தா கெடச்சிருக்கும்னு நான் சொல்லல, பெரும்பாலும் கெடச்சிருக்காது. ஆனா கேட்டு இல்லன்னு சொல்லியிருந்தா அது ஒரு பதில். இப்ப உங்ககிட்ட இருக்கறது பதிலே இல்லாத ஒரு காத்திருப்பு, நாலு வருஷமா அது உள்ளயே கெடந்து அரிக்குது.

அதனால போகட்டுமா வேணாமாங்கறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒரு தடவ உக்காந்து பேசுங்க. ஃபோன்ல வேணாம், ஃபோன்னா "தங்கச்சி"ன்ன உடனே நீங்க கரைஞ்சிருவீங்க. கூட மகளிர் அணில இருந்து ஒருத்தர கூட்டிட்டு போங்க. ரெண்டே விஷயம்: 2022ல போட்ட கைக்காசு எவ்ளோ, அது எப்ப வரும், 2022ல ஜெயிச்சவங்களுக்கு 2027ல அஞ்சு வருஷம் முடியுது, அடுத்த தடவ நான் விருப்ப மனு குடுப்பேன், உங்க ஆதரவு உண்டா இல்லையா. "பாத்துக்கலாம்"னு சொல்லுவாரு, கண்டிப்பா சொல்லுவாரு. அத பதிலா எடுத்துக்காதீங்க, "இல்ல"ன்னு சொன்னதாவே கணக்குல வச்சுக்கிட்டு அதுக்கப்புறம் எவ்ளோ வேல செய்யணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. லிஸ்ட் பாக்கறது, பூத்ல உக்காருறது ரெண்டும் புடிச்சிருக்குன்னா அத மட்டும் செய்யுங்க, கைக்காசு ஒரு ரூபா கூட போட வேணாம், பசங்களுக்கு டீ வாங்கித் தர்றது வேட்பாளரோட செலவு, அது அவரோட தேர்தல் கணக்குல வர வேண்டியது.

அப்பிடி கண்டிஷன் போட்டா ஒதுக்கிருவாங்கன்னு பயமா இருக்கும். கவர் குடுக்க வரமாட்டேன்னு சொன்னீங்களே, ஒதுக்கினாங்களா? கொஞ்ச நாள் மொறச்சாங்க, அப்புறம் திரும்ப வந்து கூப்பிட்டாங்க. ஓட்டுக்குப் பணம் குடுக்கறதும் வாங்கறதும் குத்தம்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சே செய்யற எடத்துல நின்னு முடியாதுன்னு சொல்லியிருக்கீங்க, அத ஏதோ போற போக்குல ஒரு வரில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க! ஆயிரம் ஓட்ட மனப்பாடமா வச்சிருக்கற ஆளு அவ்ளோ சுலபமா அவங்களுக்குக் கெடைக்காதும்மா, இது உங்களவிட அந்த அண்ணனுக்கு நல்லாத் தெரியும்.

ஓட்டு முடிஞ்ச மறுநாள் பத்தியும் ஒண்ணு சொல்லணும். வாரக்கணக்குல ஒடம்பு முழு வேகத்துல ஓடி திடீர்னு நின்னா மனசு தொபுக்கடீர்னு விழத்தான் செய்யும், கல்யாண வீட்டுக்காரங்களுக்கும் பரீட்ச முடிஞ்ச பசங்களுக்கும் வர்றதுதான். இந்த தடவ போறதா இருந்தா, ஓட்டுக்கு அடுத்த வாரத்துக்கு இப்பவே தையல் ஆர்டர் புடிச்சு வையுங்க, டெலிவரி தேதி சொல்லியே வாங்குங்க. பசியில்ல, தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பில்லன்னு ரெண்டு வாரத்துக்கு மேல தெனமும் இருந்துச்சுன்னா அத எலக்‌ஷன் சோர்வுன்னு விட்டுராதீங்க, 2024ல உங்களுக்கு அது கொஞ்சம் எல்ல தாண்டியிருக்குமோன்னு எனக்கு சந்தேகம். 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்ல பேசலாம், மாவட்ட அரசு ஆஸ்பத்திரிலயும் மனநல டாக்டர் இருப்பாங்க.

வீட்டுக்காரர் பத்தி. "வெக்கமே இல்லையா"ங்கற வார்த்த தப்புதான், அத அவர்கிட்ட சொல்லலாம். ஆனா அவரோட கோவத்துல பாதி செயின் மேல இருக்கற கோவம்னு நெனைக்கிறேன், ஏன்னா அவரு மொதல்ல சொன்னது அதத்தான். அடகு வைக்கும்போது அவர்கிட்ட சொல்லிட்டு வச்சீங்களா, அப்புறமா தெரிய வந்துச்சா? நீங்க எழுதல. வட்டி எவ்ளோ ஏறியிருக்கு, தையல் காசுல மாசம் எவ்ளோ ஒதுக்கினா எப்ப திருப்பலாம்னு ஒரு பேப்பர்ல ரெண்டு பேரும் சேந்து கணக்கு போடுங்க, அண்ணன் தர்ற பணத்த நம்பி அந்தக் கணக்க போட வேணாம். அப்பிடியே, கவர் வேலைய மறுத்தத அவர்கிட்ட சொல்லியிருக்கீங்களா? சொல்லலன்னா சொல்லுங்க, கட்சிக்காரன் எது சொன்னாலும் தலையாட்டறவன்னுதான் அவரு உங்கள நெனச்சுக்கிட்டு இருக்காரு.