கேளுங்கள், சொல்கிறேன்: சிங்கப்பூர் ஆற்றங்கரை

மகனைப் பார்க்க சிங்கப்பூர் வருகிறோம். ஒரு மாலைப்பொழுதுதான் சும்மா கிடைக்கும். ஆற்றில் படகில் போகலாமா, கரையில் நடக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

நடங்கள் ஆச்சி. படகில் போனால் பாலங்களின் அடிவயிற்றைத்தான் பார்க்கலாம். எல்லாரும் சிங்கத்தலையும் மீன் உடலுமான மெர்லயன் சிலையில் தொடங்குவார்கள். நீங்கள் கிம் செங் பாலத்தில் தொடங்கி கடல் பக்கம் இறங்குங்கள். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் உறைக்காது.

ராபர்ட்சன் கீயில் (கீ என்றால் படகுத்துறை) சாயம் கொட்டினாற்போல ஒரு பாலம் வரும், அல்காஃப் பாலம். சரக்குப் படகான தொங்கானின் உருவத்தில் கட்டியது. அப்புறம் ரீட் பாலம், 1889. முன்பெல்லாம் பொழுது சாய்ந்ததும் தியோச்சியூ என்ற சீனப் பேச்சுமொழிக் கதைசொல்லிகள் அங்கே உட்கார்ந்து கூலியாட்களுக்குக் கதை சொல்வார்கள். இப்போது பக்கத்திலேயே கிளார்க் கீயின் இரைச்சல். அதைச் சீக்கிரம் தாண்டிவிடுங்கள். அடுத்து எல்ஜின் பாலம். அதற்குத் தெற்கே போகும் சாலை சவுத் பிரிட்ஜ் ரோடு, வடக்கே போவது நார்த் பிரிட்ஜ் ரோடு. மாரியம்மன் கோயில் அந்தத் தெற்குச் சாலையில்தான் இருக்கிறது.

போட் கீயில் மட்டும் நின்று பாருங்கள். 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு இந்த ஒரு வளைவில்தான் நடந்தது. இன்று நண்டு விற்கும் கடைகள் எல்லாம் ஒரு காலத்தில் அரிசி, பிற்பாடு ரப்பர் அடுக்கிய கிடங்குகள். பின்னால் இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டில் என் அப்பச்சி ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடத்தில், அடுத்தாளாக (உதவியாளாக) இருந்தார். நீளக்கூடம், ஆளுக்கொரு கைப்பெட்டி, பகலில் அதன்முன் சம்மணம் போட்டு வட்டிக்கணக்கு, ராத்திரி அதே இடத்தில் பாய். அந்தக் கட்டடங்கள் இப்போது இல்லை. வங்கிக் கோபுரங்கள்தான் நிற்கின்றன. தொழில் மாறவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்! எதிர்க்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம், நம் செட்டியாரையும் இன்றைய நிதிக்காரர்களையும் சேர்த்து ஒரு சிலைத்தொகுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் கேவனாக் பாலம், 1869. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது, உழைப்பு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளுடையது. அவர்கள் பெயர் எங்கும் இல்லை. பாலத்துக்குக் கவர்னர் பெயர். சுமார் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளும் ஆடுமாடு, குதிரைகளும் போகக் கூடாது என்ற அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது.

கால் வலிக்கவில்லை என்றால் மறுநாள் காலை டேங்க் ரோடு தண்டாயுதபாணியைப் பார்த்துவிடுங்கள். 1859இல் நகரத்தார் எழுப்பிய கோயில். ஆற்றிலிருந்து நடந்துபோகிற தூரம்தான்.

மூன்று கிலோமீட்டர் ஓடுவதையெல்லாம் ஆறு என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள், கேட்க உரிமை உண்டு. ஆனால் இங்கே ஓடுவதுகூட இல்லை இப்போது. 2008இல் மரினா அணை கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆறு இன்று குடிநீர்த் தேக்கத்தின் ஒரு கை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் நீர் ஏற்றம் வற்றம் பார்த்துத்தான் படகுக்காரர்கள் பாலத்துக்கு அடியில் நுழைவார்கள்.

நாறிக்கிடந்த அந்த ஆற்றைப் பத்தே வருடத்தில் சுத்தம் செய்தார்களாம். கூவத்தை மட்டும் ஏன் முடியவில்லை?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

நாற்றம் உண்மை. பேருந்து பாலத்தில் ஏறும்போதே மூக்கைப் பொத்துவோம். 1977இல் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார், 1987இல் முடித்தார்கள். ஆனால் அவர்கள் தண்ணீரை முதலில் தொடவில்லை. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, சாக்கடை இணைப்பு இல்லாத குடிசைகள், கழிவை ஆற்றில் கொட்டிய பட்டறைகள், ஆயிரக்கணக்கான தெருக்கடைகள் என்று ஒவ்வொன்றாக இடம் மாற்றினார்கள். சமைக்கிறவனுக்குக் குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடி, குடியிருந்தவனுக்கு அடுக்குமாடி வீடு. தூர் வாரியதெல்லாம் பிறகுதான். நம் ஊரில் வருகிற ஒவ்வொரு திட்டமும் தூர் வாருவதில் தொடங்குவதாக எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983இல் சரக்குப் படகுகளை மொத்தமாகப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். தலைமுறையாக ஆற்றில் பிழைத்த கூட்டம் அதோடு கரையை விட்டுப் போயிற்று. படத்துக்கு அழகாக, முகப்பில் கண் வரைந்த படகுகள் இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகின்றன. கூவம் அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீளம், முகத்துவாரத்தை மணல் அடைக்கும், கரையில் இருப்பவர்கள் தொகை வேறு. அப்படியே இங்கிருந்து அங்கே நகல் எடுக்க முடியாது. ஆனால் வீட்டுக் கழிவை முதலில் நிறுத்துவது எந்த ஆற்றுக்கும் பொருந்தும்.

அங்கே படகு ஓட்டியவர்கள் நம் பக்கத்து ஆட்கள்தான் என்பாரே என் பாட்டனார், உண்மையா?
– வாசகர், நாகூர்

உண்மை. கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றிவந்த தொங்கான்களில் ஆரம்பத்தில் பெரும்பாலும் சூலியாக்கள், அதாவது சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போனது. சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரில்தான். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயரில் உங்கள் ஊர் பெயரிலேயே நாகூர் தர்கா. அந்தத் தர்கா அப்போது கடற்கரையில் இருந்தது, கடலைத் தூர்த்துத்தான் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

மெர்லயன் பழங்காலத்துச் சிலையா?
– வாசகர், கோவை

1972. இப்போதுள்ள இடத்துக்கு வந்ததே 2002இல்தான்.