ஜூஸ் கடைக் கழிவை வளர்ப்பு முயலுக்குத் தீவனமாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஜூஸ் கடைக்காரர் யாரோ "சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றிருப்பார், நீங்களும் தீவனச் செலவு பாதியாகக் குறையும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த வாளியில் சீனி, பால், ஸ்ட்ரா எல்லாம் கிடக்கும். அது வேண்டாம். பழத் தொலியை (தோலை) மட்டும் காயவைத்துக் கொடுக்கலாம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். ரப்பருக்கு ஊடே அன்னாசி போடும் ஊர், தொலிக்குப் பஞ்சமில்லை. சிப்ஸ் போடும் இடத்திலிருந்து ஏத்தங்காய் (நேந்திரங்காய்) தொலியும் வரும். இரண்டையும் நறுக்கி வெயிலில் காயவைப்பேன். பத்து கிலோ பச்சைத் தொலி காய்ந்தால் இரண்டு கிலோகூடத் தேறாது. ஏத்தன் தொலி கறுத்து, அப்பளம் மாதிரி ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம், பூசணம் பிடிக்கும். தவிடு, பிண்ணாக்குக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். வயிறு நிறைவது வேலிமசால், முயல் மசால் என்கிற பசுந்தீவனங்களில்தான்.

மாடு தின்கிறதே என்று கேட்பீர்கள். முயலுக்கு அசைபோடும் வயிறு கிடையாது. குடலில் ஒரு பை இருக்கிறது, அதில் நார்ச்சத்து புளித்து மெத்தென்ற புழுக்கையாக வரும், அதை முயலே திரும்பத் தின்னும். அந்தப் பைக்குள் ஒரேயடியாகச் சர்க்கரை போனால் கெட்ட கிருமி பெருகும், வயிறு உப்பும், கழியும். வாந்தி எடுக்கவும் அதற்கு வராது.

நான் டாக்டர் இல்லை, வளர்ப்பவன் சொல்கிறேன், அவ்வளவுதான். முயலைத் தின்பது பாவம் என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். கறிக்கு வாங்க வந்த ஒருவர், தார்ப்பாயில் கிடந்த தொலியைப் பார்த்துவிட்டு, "குப்பை போட்டு வளக்கீங்க, கிலோவுக்குக் குறைச்சுக்கிடுங்க அண்ணே" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. கூண்டுக்கு அடியில் இருந்த தட்டை உருவி அவர் முன்னால் வைத்தேன். புழுக்கை உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், கையில் எடுத்தால் உதிர்கிற மாதிரி இருந்தது. வயிறு சரியில்லாத முயல் அப்படிப் போடாது. அப்புறம் அவர் விலை பேசவில்லை, எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உண்மையில் குப்பை விழுவது ரோட்டிலிருந்து. கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. காயப்போட்ட தொலி மேல் ஒரு விரல் தூசி படியும். யாரிடம் சொல்ல? இப்போது மொட்டை மாடியில் போடுகிறேன்.

மழைக்காலத்தில் தொலியை அடியோடு நிறுத்திவிடுவேன். எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம், அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.