ரொட்டியும் வெந்நீரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் போர்ச்சுகல் போனபோது, ஒரு நாள் காலையில் லிஸ்பனிலிருந்து கிளம்பி எவோரா போய் மாலையில் திரும்பினோம். ரோமானியக் கோயிலும், மனித எலும்புகளைச் சுவரில் பதித்த எலும்புத் தேவாலயமும் அருமை. ஊர்ச் சாப்பாடு கேட்டதற்கு அசோர்டா என்று கொண்டுவந்தார்கள். காய்ந்த ரொட்டியை வெந்நீரில் போட்டு மேலே ஒரு முட்டை! இதற்குக் காசு வாங்க வெட்கமில்லையா? பாதியில் எழுந்துவிட்டோம். அடுத்து என் தங்கை குடும்பம் போகிறது. ஒரு நாள் போதுமா? எதைச் சாப்பிடச் சொல்வது?

மு.

அன்புள்ள மு.,

பயணம் பற்றிய கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. ஏழைகளின் சாப்பாடு நம் மேசைக்கு வரும்போது நமக்கு ஏன் இத்தனை எரிச்சல் வருகிறது என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ‘வெட்கமில்லையா’ சரியாக அங்கே வந்து விழுந்தது.

கோயிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே இறைச்சி விற்றார்கள். தூண்கள் பிழைத்ததே அதனால்தான். எலும்புகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

அசோர்டாவுக்கு வருகிறேன். முதலில் பூண்டையும் கொத்தமல்லித் தழையையும் கல்லுப்போடு சேர்த்து இடிக்க வேண்டும். அந்தப் பச்சை விழுதின்மேல் ஆலிவ் எண்ணெய், பிறகு முட்டை வெந்த நீர், கொதிக்கக் கொதிக்க. அந்த நொடியில் எழும் வாசனைக்குப் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ரொட்டி கடைசியில்தான் உள்ளே போகும். புளித்த மாவில் சுட்ட கெட்டியான கோதுமை ரொட்டி அது. உடனே சாப்பிட்டால் உள்ளே பல்லுக்குக் கொஞ்சம் அகப்படும். தட்டைப் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கூழாகத்தான் போகும். நீங்கள் எடுத்திருப்பீர்கள்.

எவோராவைச் சுற்றியுள்ள அலெந்தேஜு சமவெளி முழுக்கப் பெரும்பண்ணைகளாக இருந்தது. கோதுமை விளைவித்தவனுக்குக் காணி நிலம் கிடையாது. அன்றாடக் கூலி, குளிர்காலத்தில் பல நாள் அதுவும் இல்லை. 1929இல் அரசு கோதுமை உற்பத்தி இயக்கம் தொடங்கி இந்த மண்ணை நாட்டின் களஞ்சியம் என்று கொண்டாடியது. களஞ்சியத்தை நிரப்பியவர்கள் வீட்டில் மிஞ்சிய ரொட்டியை வெந்நீரில் நனைத்துத் தின்றார்கள். 1954இல் அதே சமவெளியின் பெஜா வட்டாரத்தில் கூலி உயர்வு கேட்ட கத்தரீனா எவுஃபேமியா என்ற கதிரறுக்கும் பெண்ணைக் காவல்படை அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார். பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை வேலை என்ற வழக்கம் உடைந்து எட்டு மணி நேரம் வந்தது 1962இல், வேலைநிறுத்தத்தால். எலும்புகளுக்கு முன்னால் பயபக்தியோடு நின்ற நீங்கள், இவர்களை உயிரோடு வைத்திருந்த சாப்பாட்டின் முன்னால் கணக்குப் பார்த்தீர்கள். சென்னை நட்சத்திர ஓட்டலில் இதே நீங்கள் மண்சட்டிப் பழைய சோற்றுக்குக் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ‘அங்கே எல்லாமே அற்புதம்’ என்று வரும் கடிதங்களைவிட உங்கள் கடிதம் எனக்கு நெருக்கமானது.

தங்கை கட்டாயம் ஒரு இரவு தங்கட்டும். மறுநாள் கார் வைத்துக்கொண்டு விலா விசோசா போகலாம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அன்றிக்கே அன்றிக்கஸ் பாதிரியார் பிறந்த ஊர். சாப்பாட்டில் மட்டியோடு சமைத்த பன்றியிறைச்சி உண்டு. மடத்துக் கன்னியர் வழிவந்த முட்டை மஞ்சள்கரு இனிப்புகள் உண்டு, ஒன்றுக்கு மேல் திகட்டும். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம். வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். வீட்டில் யாருக்காவது கொத்தமல்லி ஆகாதென்றால் அசோர்டா பக்கமே போக வேண்டாம்.