மருந்துக்குச் சீக்கிரம் அனுமதி கிடைத்தால் மகளுக்கு வேலை இருக்காதா?

ஆந்திராவின் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு தந்தையின் கேள்வி. மகள் பி.பார்ம் மூன்றாம் ஆண்டு. “அமெரிக்காவில் புது மருந்துகளுக்கு இப்போது வேகவேகமாக அனுமதி கொடுக்கிறார்களாமே. ஆராய்ச்சியே சுருங்கிவிட்டால் ஹைதராபாத் கம்பெனிகளில் இவளுக்கு என்ன வேலை இருக்கும்? பேசாமல் மெடிக்கல் ஷாப் வைத்துக் கொடுத்துவிடலாமா?”

ஐயா, கடை வைப்பது நல்ல தொழில்தான். ஆனால் இந்தப் பயத்தில் வைக்காதீர்கள். அனுமதி வேகமானதால் வேலை இடம் மாறியிருக்கிறது. எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால், மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏவில் விரைவு வழிகள் பல உண்டு. முன்னுரிமைப் பரிசீலனை என்றால் பத்து மாத வேலை ஆறு மாதத்தில் முடியும். உங்கள் கேள்விக்கு நேராக வருவது, எய்ட்ஸ் நெருக்கடி காலத்தில், 1992இல் வந்த ‘ஆக்சிலரேட்டட் அப்ரூவல்’, அதாவது விரைவு அனுமதி. நோயாளி எத்தனை காலம் கூடுதலாக வாழ்கிறார் என்று தெரியும்வரை காத்திருக்காமல், கட்டி சுருங்குவது போன்ற ஓர் அறிகுறியை வைத்தே அனுமதி தருவார்கள். சாம்பிள் பீஸ் பார்த்து வியாபாரி ஆர்டர் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சரக்கு சரியில்லை என்றால் ஆர்டர் ரத்து.

கம்பெனிகள் இதை வைத்தே திட்டம் போடுகின்றன. வேறு சிகிச்சைக்கு வழியில்லாத சிறு நோயாளிக் கூட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டு, சந்தைக்குள் கால் வைத்துவிட்டு, அப்புறம் மற்ற நோய்களுக்குப் பரவுவது. கீட்ரூடா 2014இல் இப்படித்தான் முற்றிய தோல் புற்றுநோய்க்கு மட்டும் அனுமதி பெற்று நுழைந்தது. இன்று உலகில் மிக அதிகமாக விற்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. அல்சைமர் நோய்க்கான அடுஹெல்ம், ஆலோசனைக் குழு வேண்டாம் என்று சொல்லியும் 2021 ஜூனில் அனுமதி பெற்றது. ஆண்டுக்கு 56,000 டாலர் என்று விலை வைத்தார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடு செலவை ஏற்கக் கடும் நிபந்தனை போட்டது, மருந்து விலைபோகவில்லை. 2024 ஜனவரியில் கம்பெனியே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. மகளுக்கு ஒரே மருந்தை நம்பி நிற்கும் சின்ன கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்தால், சம்பளத்தைப் பார்க்கும் முன் அந்த மருந்துக்கு எந்த வகை அனுமதி என்று கேட்கச் சொல்லுங்கள். 2022 இறுதியில் வந்த சட்டப்படி, பலனை உறுதிப்படுத்தும் ஆய்வு அனுமதிக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று எஃப்டிஏ கேட்கலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். ஆய்வைச் சுருக்கலாம், மருந்து எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி சோதனையைச் சுருக்குவது கடினம். புது மருந்தின் மூன்று பேட்ச் மாத்திரைகளை அலமாரி போன்ற அறையில் 25 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதத்தில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சோதிப்பார்கள். விண்ணப்பம் போகும்போது பொதுவாக 12 மாதக் கணக்கு கையில் இருக்க வேண்டும். (நம் ஊர் வெயிலுக்கு வெப்பம், ஈரப்பதம் இரண்டும் இதைவிடக் கூடுதல்.) மனிதர்கள் மீதான ஆய்வு சீக்கிரம் முடிந்துவிட்டால் தாமதமெல்லாம் இங்கே வந்து நிற்கும். அதனால் உற்பத்தி, தர ஆய்வு ஆட்களை முன்கூட்டியே தேடுகிறார்கள். மருந்து வெளியே போன பிறகு பக்கவிளைவுகளைத் தொகுக்கும் பார்மகோவிஜிலன்ஸ், உறுதிப்படுத்தும் ஆய்வுகள் இரண்டிலும் வேலை கூடுகிறது. அனுமதிக்கான கோப்புகளைத் தயாரிக்கும் ரெகுலேட்டரி அஃபேர்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏற்கெனவே உள்ள மருந்தை அதே மூலப்பொருளில் மலிவாகத் தயாரிக்கும் நம் ஜெனரிக் கம்பெனிகளுக்கும் தனி அவசரம் உண்டு. போட்டி குறைந்த மருந்துகளுக்கு அமெரிக்காவின் 2017 சட்டம் ஒரு வழி திறந்தது. முதலில் அனுமதி பெறும் ஜெனரிக்குக்கு, மற்ற ஜெனரிக்குகள் குறுக்கே வராதபடி 180 நாள் சலுகை உண்டு. அனுமதி கிடைத்து 75 நாளுக்குள் விற்பனைக்கு வராவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கோப்பு, உற்பத்தி, பேக்கிங் மூன்றும் ஒன்றாக ஓட வேண்டியிருக்கிறது. இந்தியாவிலும் 2024 ஆகஸ்டில் அரிய நோய் மருந்துகள் உள்ளிட்ட சில வகைகளுக்கு, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் அனுமதி இருந்தால் உள்நாட்டு ஆய்விலிருந்து விலக்கு தந்தார்கள். ஆனால் விற்பனைக்குப் பிறகான நான்காம் கட்ட ஆய்வு உண்டு.

மகளுக்கு: பார்மசி மேற்படிப்புக்கான தேசியத் தேர்வான ஜிபேட்டுக்கு இப்போதே படிக்கட்டும். மருந்தியல் மேற்படிப்புக்கான மத்திய அரசு நிறுவனமான ஹைதராபாத் நைபர் மாதிரி இடங்களில் பார்மசி பட்டதாரிகள் சேர அதுதான் முதல் வாசல், அதன் பிறகு நைபரின் தனி நுழைவுத் தேர்வும் உண்டு. எஃப்டிஏ இணையதளத்தில் மருந்துகளின் அனுமதிக் கடிதங்கள் இலவசம். விரைவு அனுமதி பெற்ற ஏதாவது ஒரு மருந்தின் கடிதத்தை எடுத்து, எந்த ஆய்வை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று படிக்கட்டும். நேர்முகத்தில் இதைப் பேசினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தமிழும் தெலுங்கும் பேசுகிற பெண்ணுக்கு ஹைதராபாத் அந்நிய ஊர் ஆகாது. எழுத்து ஆங்கிலத்தில்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும், இந்தத் துறையில் பாதி வேலை அறிக்கை எழுதுவதுதான். பார்மகோவிஜிலன்ஸ் என்றால் சில கம்பெனிகளில் இரவு ஷிஃப்ட் வரும். ஹாஸ்டல் பார்க்கும்போதே கம்பெனி வண்டி எது வரைக்கும் வரும் என்று விசாரித்துவிடுங்கள்.