கஞ்சா நாட்டு ரகங்கள்: விதை காப்பது பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: நாட்டு ரகமும் காட்டுச் செடியும் ஒன்றுதானா?

இல்லை. ஒரு வட்டாரத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து விதைத்து, அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிப்போனது நாட்டு ரகம். காட்டில் தானாக முளைப்பவற்றில் பல, வயலிலிருந்து தப்பிப் போனவை. 2021-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு 110 மாதிரிகளை ஒப்பிட்டது. கலப்பில்லாத காட்டு மூதாதை அநேகமாக அழிந்துவிட்டது என்பதே அதன் முடிவு. அதனால்தான் நாட்டு ரகங்களை இழப்பது எனக்குப் பெரிய கவலை.

கேள்வி: அரிய ரகம் ஒன்றைப் பயிரிட்டோம். மிக நன்றாக வந்த ஒரு பெண் செடி, ஒரு ஆண் செடி, இவற்றிலிருந்து மட்டும் விதை எடுத்தால் போதுமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாட்டு ரகம் என்பது ஒரு செடி அல்ல, ஒரு கூட்டம். ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்று முந்திப் பூக்கும், இன்னொன்று பிந்தும். அந்த வேறுபாடுதான் ரகத்தின் சொத்து. ஒரே ஜோடியிலிருந்து விதை எடுத்தால், மரபு வேறுபாட்டில் கால் பங்கு அந்த ஒரு தலைமுறையிலேயே போய்விடும். அப்புறம் எத்தனை ஆயிரம் செடி வளர்த்தாலும் போனது திரும்பாது.

ஆண் செடிகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். 50 பெண் செடிக்கு 2 ஆண் செடிதான் என்றால், எல்லா விதைக்கும் தந்தை அந்த இரண்டுதான் என்பதால், மரபுக் கணக்கில் அது வெறும் 8 செடிக்குத்தான் சமம். இரு பாலிலும் முடிந்தவரை அதிகச் செடிகளை விடுங்கள். ஒவ்வொரு தாய்ச் செடியிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு விதை எடுத்துக் கலந்து வையுங்கள்.

கேள்வி: தேர்வே செய்யாமல் எப்படி ரகத்தை மேம்படுத்துவது?

இரண்டும் வேறு வேலை. மூல விதையைத் தொடாமல் ஒரு பங்கு வைத்துவிட்டு, இன்னொரு பங்கில் உங்கள் விருப்பப்படி தேர்வு செய்யுங்கள், கலப்பு செய்யுங்கள். மூல விதைப் பாத்தியில் நீக்க வேண்டியது தெளிவாகத் தெரியும் கலவன்களை, அதாவது வேறு ரகம் கலந்து வந்த செடிகளை, மட்டும்தான்.

கேள்வி: பக்கத்தில் கலப்பின ரகம் பயிராகிறது. பயிர் விலகு தூரம் எவ்வளவு விட வேண்டும்?

கஞ்சா காற்றில் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிர். மகரந்தம் பல கிலோமீட்டர் பறக்கும், அதனால் சிறு தூரத்தை நம்ப முடியாது. மூடிய கூடத்தில் விதை எடுப்பது நல்லது. மொராக்கோவின் ரீஃப் மலைகளில் ‘பெல்தியா’ என்ற நாட்டு ரகம், வெளியிலிருந்து வந்த கலப்பினங்களிடம் பெருமளவு இடம் இழந்தது. மகசூல் ஆசையில் வந்த விதை, மகரந்தமாகவும் பக்கத்து வயலுக்குப் போகிறது.

கேள்வி: பெண் செடி மட்டுமே தரும் விதைகளாக மாற்றிச் சேமிக்கலாமா?

கூடாது. ஆண் செடியில் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் அவற்றில் இருக்காது. ரகத்தின் ஆண் வழி அங்கேயே அறுந்துவிடும்.

கேள்வி: விதை எத்தனை ஆண்டு தாங்கும்?

ஈரமும் வெப்பமும்தான் தீர்மானிக்கும். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. நிழலில் நன்றாகக் காய வைத்து, காற்றுப் புகாத புட்டியில் குளிரில் வையுங்கள். மரபணு வங்கிகள் மைனஸ் 18 டிகிரியில் வைக்கின்றன. அவ்வப்போது முளைப்புத்திறன் பாருங்கள்.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

1961-ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தத்தின் வரையறையில் பூக்கதிர் இல்லாத வெறும் விதை கஞ்சாவாகக் கருதப்படவில்லை. ஆனால் பல நாடுகளில் அனுமதியின்றி அதை முளைக்க வைப்பதே குற்றம். உரிமம் கிடைக்காத இடத்தில், விதையை ஓர் ஆய்வு நிலையத்திடம் ஒப்படைப்பதே சரி.

கேள்வி: வெப்பமண்டல ரகத்தைக் குளிர் நாட்டில் காக்க முடியுமா?

பகல் குறுகினால்தான் இவ்வகை பூக்கும். வெப்பமண்டல ரகங்கள் அங்கே பூத்து விதை முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். முந்திப் பூப்பவை மட்டும் பிழைக்கும், சில ஆண்டுகளில் அது வேறு ரகமாகிவிடும். ஒளி நேரத்தைக் கட்டுப்படுத்தும் கூடம் வேண்டும். அதைவிட, அந்த ரகம் பிறந்த ஊரிலேயே அதை வளர்ப்பவர்களிடம் விதை தொடர்ந்து இருக்கச் செய்வது மேல்.